ஒரு தறி, இரண்டு வீடு

மிக்ஸி ஓடுகிற சத்தத்தில் மரியசுந்தரம் பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். ராத்திரி ஷிப்ட் முடித்து, புதுச்சேரி மில்லிலிருந்து கரிக்கலாம்பாக்கம் வரை சைக்கிள் மிதித்து வந்து, அப்போதுதான் கண் அசந்திருந்தான்.

"நிறுத்து அந்த மிஷின! இது இன்னா வூடா, மில்லா? அங்கதான் காது செவுடாவுதுன்னா இங்கயுமா?"

சமையல்கட்டில் மிக்ஸி சட்டென்று நின்றது. கிரேஸ் மேரியின் முகம் சிவந்துபோயிற்று. கல்யாணமாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண். அவள் புருஷன் தனிஸ்லாஸ் போன வாரம் ஆசையாக வாங்கி வந்த மிக்ஸி அது.

"சட்டினி அரைக்கறது ஒரு குத்தமா அக்கா?" என்றாள் மரியசுந்தரத்தின் மனைவி அல்போன்சாவைப் பார்த்து, ஆனால் கூடத்துக்குக் கேட்கும்படி.

"மெதுவா பேசும்மா... ராத்திரி பூரா நின்னுட்டு வந்த மனுஷன்..."

"அவரு மட்டுந்தான் நிக்கறாரா? உங்க கொழுந்தன் இன்னா, உக்காந்துகினா சம்பளம் வாங்கறாரு?"

"ஆமாம்மா!" கூடத்திலிருந்து குரல் சீறி வந்தது. "உன் புருஷன் உக்காந்துகினுதான் வாங்கப் போறான்! அவன் ஒரு பொத்தான அமுத்துவான், நாங்க அத்தன பேரும் தெருவுல நிப்போம்!"

குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே வந்த தனிஸ்லாஸ் அப்படியே நின்றுவிட்டான். "அண்ணா... நான் இன்னா பண்ணேன்?"

மரியசுந்தரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அல்போன்சாவுக்குத் தெரியும், கோபம் மிக்ஸி மேல் இல்லை. அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்தபோது மாமனாரும் இல்லை, மாமியாரும் இல்லை. எட்டாவது படித்துக்கொண்டிருந்த தனிஸ்லாஸ் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து, புது அண்ணி தனக்கும் சோறு போடுவாளா மாட்டாளா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து அவளுக்கு அவன் பிள்ளை மாதிரி. தனக்கென்று பிறந்த ஒன்று தங்காமல் போன பிறகு, அந்த 'மாதிரி'யும் தேவையில்லாமல் போயிற்று. அவன் பாலிடெக்னிக் படிக்க ஆசைப்பட்டபோது, மடுகரையில் அவள் அப்பா அவள் பேருக்கு விட்டுப்போன நிலத்தை விற்றாள். "பொறந்த வூட்டு மண்ண கொழுந்தனுக்காக விக்கறியா? இனிமே இந்தப் படி ஏறாத!" என்று சொன்ன அவள் அண்ணன், அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டான். மரியசுந்தரமோ டபுள் ஷிப்ட் பார்த்து முதுகு வளைந்துபோனான். தம்பி படித்துப் பாஸ் பண்ணி, கோயம்புத்தூரில் பயிற்சி முடித்து, அண்ணன் தறி ஓட்டுகிற அதே மில்லில் சூப்பர்வைசராகச் சேர்ந்த அன்று, ஷெட் முழுக்க மிட்டாய் கொடுத்தவன் மரியசுந்தரம்தான்.

அதற்குப் பிறகுதான் லாரிகள் வந்தன. தார்ப்பாய் போட்டு மூடிய புதுத் தறிகள். பழைய தறியில், குறுக்கே ஓடுகிற நாடாக்கட்டையில் நூல் தீர்ந்தால் அதை ஆள்தான் மாற்ற வேண்டும், இழை அறுந்தால் ஆள் பார்க்க வேண்டும். ஓர் ஆளால் நாலு தறிக்கு மேல் முடியாது. புதுத் தறி நூலைத் தானே மாற்றிக்கொண்டது. இழை அறுந்தால் தானே நின்றது. ஓர் ஆள் இருபது தறியைப் பார்த்துக்கொள்ளலாம். அப்படியானால் மீதி ஆட்கள்? சங்கம் மில் கேட்டில் உட்கார்ந்து பார்த்தது, கோஷம் போட்டுப் பார்த்தது. கடைசியில், பாதிக்கு மேற்பட்டவர்களைக் கணக்கு முடித்து அனுப்புவதென்று ஒப்பந்தம் ஆயிற்று. புது ஷெட்டுக்கு சூப்பர்வைசர், தனிஸ்லாஸ்.

அன்று வேலைக்குக் கிளம்பும்போது தனிஸ்லாஸ் கிணற்றடிக்கு வந்தான். அல்போன்சா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அண்ணனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா தம்பி தயவுல வேலயான்னு குதிக்கும். புது ஷெட்டுக்கு ஆள் எடுத்தாச்சி. ஒரே ஒரு எடம் பாக்கி. அண்ணனும் இன்னாசி அண்ணனும் ஒண்ணா வேலைக்குச் சேர்ந்தவங்க, வேலையிலயும் ஒருத்தருக்கு ஒருத்தர் சளைச்சவங்க இல்ல. ஷெட் மாஸ்டர் என்னையே கேட்டாரு, ரெண்டு பேர்ல யாருன்னு. நான் இன்னா சொல்லுவேன்... எங்க அண்ணன்தான்! வெள்ளிக்கெழம கேட்ல பேரு படிப்பாங்க."

"மாதாவே!" சாம்பல் கையோடு அல்போன்சா கும்பிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "நீ நல்லா இருக்கணும்டா ராஜா..."

அவன் போன பிறகுதான் அந்த இன்னொரு பெயர் நெஞ்சில் நெருடியது. இன்னாசிமுத்து. எதிர் வீடு. அவள் புருஷனோடு ஒரே சைக்கிளில் டபுள்ஸ் அடித்து வேலைக்குப் போய் வந்தவன். அப்படியானால் இன்னாசிக்கு...? வேகமாகப் பாத்திரத்தைத் தேய்த்தாள். நமக்கு வந்ததை நாம் வாங்கிக்கொள்வதில் என்ன தப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிற்பகலில், கொல்லையில் காய்த்த முருங்கைக்காயில் நாலைந்தை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனாள். இன்னாசிமுத்துவின் மனைவி ஆரோக்கிய செல்வி, கடைசிப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மூத்த பெண்கள் இரண்டு பேரும் ஒரு வேகவைத்த கிழங்கை வைத்துக்கொண்டு பங்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா செல்வி, சோறாக்கலியா?"

"ஆக்கணும்க்கா... சாயங்காலமா." குரலில் ஒன்றுமில்லை. "எனக்குன்னு ஒரு வேல இருந்துச்சி. நெல்லு அவிச்சி, குத்திக் குடுத்தா, பசங்க வயிறு காயாது. ரோட்டு மேல ரைஸ் மிஷினு வந்துச்சி, அன்னிலேர்ந்து என்ன ஒருத்தரும் கூப்புடல. போவட்டும், அவருக்கு மில்லு இருக்குதேன்னு இருந்தேன். இப்ப அங்கயும் மிஷினாம். ஒரே வூட்டுக்கு எத்தினி மிஷின்க்கா வரும்?"

"அப்பிடியெல்லாம் நெனைக்காத. எதுனா ஒரு வழி..."

"வழிக்கு இன்னாக்கா..." செல்வி பின்னலை இழுத்து ரிப்பன் கட்டினாள். "பாகூர் ஏரி இந்த வருஷம் ரொம்பிடுச்சாமே. மதகுப் பக்கம் நல்ல ஆழம்னு சொல்றாங்க. மூணு பொட்டப் புள்ளைங்களையும் வுட்டுட்டுப் போவ மனசு வராது... கூட்டிகினுதான் போவணும்."

கிழங்கைத் தின்றுகொண்டிருந்த பெரியவள், "எங்கம்மா போறோம்?" என்று ஆவலாகக் கேட்டாள்.

அல்போன்சாவின் கையிலிருந்த முருங்கைக்காய்கள் கீழே விழுந்தன. "ஏய் செல்வி! இன்னாடி பேசற!"

"ஐயோ, சும்மா சொன்னேன்க்கா!" செல்வி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அல்போன்சாவை உலுக்கியது. அது சும்மா சொன்னவளின் சிரிப்பாக இல்லை.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் உலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்து எதிர் வீட்டைப் பார்ப்பாள். பிள்ளைகளின் குரல் கேட்டால்தான் மூச்சு வரும். குரல் கேட்காவிட்டால் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு தெருவைத் தாண்டுவாள். "இன்னா அக்கா, எதுத்த வூட்ல புதையல் எதுனா வெச்சிருக்கீங்களா?" என்று கிரேஸ் மேரிகூடக் கேட்டுவிட்டாள். புருஷனிடம் சொல்லலாமா என்று நாலு முறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலையில், மரியசுந்தரம் தூங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு முடிவோடு பஸ் ஏறினாள்.

மில் கேட்டுக்கு எதிரே டீக்கடை. அதன் பக்கத்தில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, தனிஸ்லாஸ் பதறி ஓடி வந்தான்.

"அண்ணி! அண்ணனுக்கு எதுனா...?"

"அண்ணனுக்கு ஒண்ணுமில்ல. தனிஸ்... அந்தக் கடைசி எடத்த இன்னாசிக்குக் குடுக்கச் சொல்லுடா."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. "பைத்தியமா அண்ணி உங்களுக்கு? அப்ப அண்ணன்?"

"நம்ம வூட்ல நீ இருக்கற. மிஷின் வந்துச்சி, உனக்கு வேல வந்துச்சி, சம்பளம் வந்துச்சி. நாளைக்கு வண்டி வரும், மாடி வரும். அந்த வூட்டுக்கு வர்ற மிஷின் எல்லாம் எடுத்துகினுதான்டா போவுது! அவளோட உலக்கைய ஒண்ணு எடுத்துகிச்சி, அவனோட தறிய இன்னொண்ணு எடுக்கப்போவுது. நம்ம வூட்டுக்கு ரெண்டு சம்பளம், எதுத்த வூட்டுக்கு ஒண்ணுமில்லன்னா... எனக்குத் தொண்டையில சோறு எறங்குமாடா?" செல்வி சொன்னதை அழுகைக்கு நடுவே சொன்னாள்.

தனிஸ்லாஸ் நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன் கிட்ட கேட்டீங்களா?"

"இல்ல."

"அண்ணன் என்னத்தான் நெனைக்கும்! கூடப் பொறந்தவனே வயித்துல அடிச்சிட்டான்னு..."

"நெனைக்கும். உன்னக் கெட்டவனாக்கறேன்... தெரிஞ்சிதான்டா கேக்கறேன்." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தினி வருஷத்துல உங்கிட்ட நான் எதுனா கேட்டுருக்கறனா?"

"இல்லியே அண்ணி... முன்னாடியே எதுனா கேட்டுருந்தா தேவலாமே..." அவனும் அழுதுவிட்டான். வளர்ந்த ஆண்பிள்ளை, காக்கிச் சட்டையோடு, தெருவில்.

"யாருக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா இன்னாசி வாங்க மாட்டான். அவ மறுபடி ஏரியத்தான் நெனைப்பா. வில்லியனூர் மாதா மேல சத்தியம் பண்ணு."

அவன் அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நடேசன், மரியசுந்தரத்தோடு அதே ஷெட்டில் வேலை பார்ப்பவன். பேச்சு அவன் காதில் விழவில்லை. அழுகையைத்தான் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், கேட்டில் பேர் படிப்பதைக் கேட்கப் போயிருந்த மரியசுந்தரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தான். மிதித்து வர உடம்பில் தெம்பில்லை போல. அதைத் தெருமுனையில் பார்த்ததுமே அல்போன்சா வாசற்படியிலிருந்து எழுந்துவிட்டாள். தெரிந்து செய்த காரியம்தான். ஆனால் அவன் நடையை அவள் நினைத்துப் பார்க்கவில்லையே!

எதிர் வீட்டில் செல்வி ஓவென்று அழுதுகொண்டே சிரிக்கிற சத்தம் கேட்டது.

மரியசுந்தரம் கூடத்தில் வந்து நின்றான். தனிஸ்லாஸ் அவனுக்கு முன்பே வந்து, தலை குனிந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"நேத்து மில்லுக்குப் போனியா?" கேள்வி அல்போன்சாவுக்கு. குரல் மெதுவாகத்தான் இருந்தது.

"இன்னாங்க... அது..."

"போனியா, போவலியா?"

"போனேன்."

"நடேசன் சொல்றான், மில் கேட் வாசல்ல எல்லாருக்கும் முன்னாடி! உன் பொண்டாட்டி தெருவுல நின்னு அழுது கெஞ்சுனாளே, அப்பவும் உன் தம்பி மனசு எறங்கலியேப்பான்னு சொல்லிச் சிரிக்கிறான்! என் மானத்தக் கொண்டுபோயி கேட்ல வித்தியேடி! வித்தும் ஒண்ணும் கெடைக்கலியேடி!" அவன் தம்பி பக்கம் திரும்பினான். "ஏன்டா, ஷெட்ல பேசிக்கறாங்க, மாஸ்டர் உன்னத்தான் கேட்டாராமே? ரெண்டு பேர்ல யாருன்னு?"

தனிஸ்லாஸ் நிமிர்ந்தான். அல்போன்சாவைப் பார்த்தான். அவள் கண்கள் வேண்டாம், வேண்டாம் என்று மன்றாடின.

"என்னத்தான் கேட்டாரு..."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னாசி அண்ணன சொன்னேன்."

அறை அவன் கன்னத்தில் விழுந்தது. கிரேஸ் மேரி அலறிக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள். "கை வெக்காதீங்க! சம்பாரிச்சிப் போடறவர கை நீட்டற வூட்ல நாங்க இருக்க மாட்டோம்!"

"போங்க! ரெண்டு பேரும் போங்க! நான் முதுகு ஒடிஞ்சி படிக்க வெச்சது என் கழுத்தறுக்கத்தானா? போடா! உனக்கு அண்ணன் செத்துட்டான்!"

மறுநாளே தனிஸ்லாஸ் வில்லியனூரில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். மாட்டு வண்டியில் சாமான் ஏறும்போது கிரேஸ் மேரி அல்போன்சாவிடம் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "உங்களால வந்ததுதான் எல்லாம். நீங்க மில்லுக்கு வந்து அழுது ஊரக் கூட்டாம இருந்தா, எம் புருஷனுக்கு இந்தக் கெட்ட பேரு வந்துருக்காது. புள்ள மாதிரி வளத்தேன்னு சொல்லிக்காதீங்க இனிமே!"

அல்போன்சா வண்டி திரும்புகிறவரை நின்று பார்த்தாள்.

அதன் பிறகு அந்த வீட்டில் பேச்சே இல்லை. மரியசுந்தரம் காலையில் எழுவான், ஷிப்ட் நேரத்துக்குச் சட்டையைப் போடுவான், பிறகு ஞாபகம் வந்தவன் போல அதைக் கழற்றி ஆணியில் மாட்டுவான். வேறு மில்களில் கேட்டுப் பார்த்தான். அங்கும் ஆள் குறைக்கும் பேச்சுதான். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டும் கும்பலோடு பாகூர்ப் பக்கம் போனான். நூலைத் தொட்டே பழகிய விரல்கள் கொப்புளித்துப் போயின. அல்போன்சா நடவுக்குப் போனாள், களைக்குப் போனாள். அவன் கையில் விளக்கெண்ணெய் தடவ உட்கார்ந்தால் கையை இழுத்துக்கொள்வான். தனிஸ்லாஸ் ஆள் மூலம் ஒரு மூட்டை அரிசி அனுப்பினான். மரியசுந்தரம் அதை வாசலிலேயே நிறுத்தி, வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பினான்.

இன்னாசிமுத்து முதல் சம்பளம் வாங்கிய அன்று, இனிப்புப் பொட்டலத்தோடு படியேறினான்.

"சுந்தரம், எனக்கே தெரியலடா எப்பிடி என் பேரு வந்துச்சின்னு... நீ இல்லாம அந்த ஷெட்ல..."

"எவ்ளோ குடுத்த?"

"இன்னாடா கேக்கற?"

"என் தம்பிக்கு எவ்ளோ குடுத்து வாங்குனன்னு கேக்கறேன்!"

இன்னாசிமுத்து பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். நாய் வந்து அதை இழுத்துக்கொண்டு போயிற்று. சமையல்கட்டில் நின்ற அல்போன்சா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும்... எல்லாம் சரியாகிவிடும். ஆனால் எதிர் வீட்டில் இப்போது மூன்று வேளையும் அடுப்பு புகைகிறது. அந்தப் புகையைப் பார்த்துத்தான் அவள் தன்னை அடக்கிக்கொண்டாள். அது சரிதானா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்தது. எதிர் வீட்டைக் காப்பாற்றிவிட்டுத் தன் வீட்டைக் கொன்றுவிட்டோமோ?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்து சற்று நேரத்தில், வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். முன்னால் இன்னாசிமுத்து. அவனுக்குப் பின்னால் தனிஸ்லாஸ். தெருவில் கிரேஸ் மேரி.

"சுந்தரம்," இன்னாசிமுத்து படியேறாமலே பேசினான். "நாளைக்கு நான் வேலய எழுதிக் குடுத்துடப்போறேன். காலையில உன் தம்பி வூட்டுக்குப் போயி சொல்லிட்டேன். ஊர்ல எல்லாரும் லஞ்சம் குடுத்து வாங்குனவன்னு சொல்றாங்க. கோயில்ல ஒருத்தனும் பக்கத்துல உக்கார மாட்டேன்றான். உன் மூஞ்சப் பாக்காம, உன் சோத்தப் புடுங்கித் திங்கற பொழப்பு எனக்கு வேணாம்டா."

"நடிக்காத. எழுதிக் குடுத்தா குடு." மரியசுந்தரத்தின் கண் தம்பி மேல் இருந்தது. "இவன் ஏன் இங்க வந்தான்?"

"அண்ணா, ஒரு நிமிஷம்..."

"வெளிய போடா!"

அல்போன்சா முன்னால் வந்தாள். "இன்னாங்க... வூடு தேடி வந்த புள்ளய..."

"புள்ளயா? கெஞ்சுன உன்னையே எட்டி உதைச்சவன் புள்ளயா?" மரியசுந்தரம் அவள் தோளைப் பிடித்து வாசல் பக்கம் தள்ளினான். "அவன் வேணும்னா அவனோட போ! நீயும் போ! என் மானத்த வித்தவ எனக்கு வேணாம்!"

தடுமாறி நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அல்போன்சா. பிறகு உள்ளே போய், ஒரு துணிப்பையில் இரண்டு புடவையை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அழவில்லை.

"சோறு வடிச்சி வெச்சிருக்கறேன். கொழம்பு சட்டியில இருக்குது. போறேன்."

எங்கே போவாள்? மடுகரைப் படி அடைபட்டுப் பல வருஷம் ஆயிற்று. தனிஸ்லாசோடும் போகமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் படி இறங்கினாள்.

"அண்ணி, நில்லுங்க!" தனிஸ்லாஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "மாதா என்ன மன்னிக்கட்டும். என்னால முடியல..."

"தனிஸ்! சத்தியம்டா!" அவள் அவன் வாயைப் பொத்தப் போனாள். அவன் அந்தக் கையை விலக்கினான்.

"அண்ணா! மாஸ்டர் கேட்டதுக்கு உன் பேரத்தான் சொல்லப்போறேன்னு அண்ணி கிட்ட சொன்னேன். அண்ணி மில்லுக்கு வந்து அழுதது உனக்கு வேல குடுன்னு இல்ல. உன் எடத்த இன்னாசி அண்ணனுக்குக் குடுன்னுதான் அழுதுச்சி! நம்ம வூட்ல நான் இருக்கறேன், அந்த வூட்ல யாருமில்லன்னு சொல்லி அழுதுச்சி! செல்வி அக்கா மூணு புள்ளைங்களயும் கூட்டிகினு ஏரிக்குப் போவ இருந்துச்சின்னு சொல்லி அழுதுச்சி! போதுமா? என்னக் கெட்டவன்னு நெனைச்சிக்கோ, பரவால்ல. ஆனா அண்ணிய வெளிய போன்னு சொல்ல உனக்கும் உரிமை இல்ல, எனக்கும் இல்ல!"



எதிர் வாசலில் நின்றிருந்த செல்வி, தலையில் அடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னாசிமுத்துவுக்கு மனைவி ஏரியை நினைத்த விஷயமே அப்போதுதான் தெரிந்தது. அவன் செல்வியைப் பார்த்தான், அல்போன்சாவைப் பார்த்துக் கைகூப்பினான். "தங்கச்சி..." என்றான்.

மரியசுந்தரம் யாரையும் பார்க்கவில்லை. விறுவிறுவென்று வீட்டைக் கடந்து கொல்லைக்குப் போய்விட்டான்.

அல்போன்சா பையைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். அவன் கிணற்றின் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு, அவளுக்கு முதுகு காட்டி நின்றிருந்தான்.

"இன்னாங்க..."

"என் வேலடி அது." அவன் திரும்பவில்லை. "என் தறி. பதினெட்டு வயசுலேர்ந்து நின்ன எடம். அத்த யாருக்காவது குடுக்கறதுன்னா, என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு உனக்குத் தோணலியா?"

"தோணுச்சி."

"அப்ப ஏன் கேக்கல?"

அவள் இரண்டடி கிட்டே வந்தாள். "கேட்டுருந்தா நீங்க சரின்னு சொல்லியிருப்பீங்க. சொல்லிட்டு, நாளெல்லாம் உள்ளுக்குள்ள வெந்துகினு, அவங்கள ஒரு வார்த்தயும் சொல்ல முடியாம, குடுத்தத நெனைச்சி நெனைச்சி செத்துகினு இருப்பீங்க. பழி எம்மேலயும் அவன் மேலயும் இருந்தா, நீங்க திட்டியாவது ஆத்திக்கலாம்னு..." அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. அது பொய்யி. வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன். வேணாம்னு நீங்க சொல்லிட்டா, அந்தப் புள்ளைங்க மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது? உங்க மூஞ்சியத்தான் எப்பிடிப் பாக்கறது? கேக்காதது தப்புதான். நீங்க என்ன அடிங்க, வெட்டுங்க. ஆனா செஞ்சத மட்டும் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

மரியசுந்தரம் திரும்பினான். அவன் முகம் நனைந்திருந்தது. கரும்பு வெட்டிக் கறுத்துப்போன கையால் அவள் கன்னத்தைத் தொடப் போனான், பாதியில் நிறுத்தினான்.

"நீயும் கையி வெந்துதான வந்த... நடவு நட்டு... ஒரு நாளாவது வாயத் தொறந்தியா? நான் பேசுன பேச்சுக்கெல்லாம்..." அவ்வளவுதான். பெரிதாக ஒரு விம்மல் வந்தது. அவன் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக் குழந்தை போல அழுதான். அவளும், இத்தனை மாதமாக முந்தானைக்குள் அடக்கி வைத்திருந்த எல்லாவற்றையும், சத்தம் போட்டு அழுது தீர்த்தாள்.

அவர்கள் வாசலுக்கு வந்தபோது இன்னாசிமுத்து அப்படியே நின்றிருந்தான். "சுந்தரம், அந்த எடம் உன்னுது. நாளைக்கே மாஸ்டர் கிட்ட..."

"சும்மா இர்ரா." மரியசுந்தரம் படி இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடித்தான். எல்லோரும் பயந்துவிட்டார்கள். "அவ குடுத்தான்னு நெனைச்சிதான வேணான்ற? இப்ப நான் குடுக்கறேன். வாங்கிக்க. என்னக் கேக்காம குடுத்துட்டா, அதான் எனக்குக் கோவம். கேட்டாச்சி, குடுத்தாச்சி. காலையில ஒழுங்கா ஷிப்ட்டுக்குப் போ! போவலன்னா கால ஒடிப்பேன். லஞ்சம்னு எவன் சொல்றானோ அவன எங்கிட்ட அனுப்பு."

இன்னாசிமுத்து அவனைக் கட்டிக்கொண்டான்.

கிரேஸ் மேரி தயங்கித் தயங்கி வந்து அல்போன்சாவின் காலைத் தொட்டாள். "அக்கா... நான் பேசுனது..."

"எழுந்துரு எழுந்துரு. தம்பியக் கெட்டவன்னு அண்ணனையே நம்ப வெச்சேன், உன்ன நம்ப வெக்க முடியாதா?" அல்போன்சா அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டாள்.

தனிஸ்லாஸ் மட்டும் ஓரமாக நின்றிருந்தான். மரியசுந்தரம் அவன் முன்னால் போய் நின்றான். அறைந்த கன்னத்தைத் தடவினான்.

"வலிச்சிதாடா?"

"இல்ல அண்ணா."

"பொய் சொல்லாத. சாமான ஏத்திகினு இங்கயே வந்துடுங்க. ஒரே அடுப்பா இருக்கட்டும்."

"இனிமே நீ கரும்பு வெட்டப் போவ வேணாம் அண்ணா. என் சம்பளம் போதும் எல்லாருக்கும்."

"உன் சம்பளம் வூட்டுக்கு வேணும். எனக்கு வேல வேணும். ரெண்டும் வேற வேறடா." மரியசுந்தரம் உள்ளே போனான்.

அடுத்த நாள் விடிந்ததும் அவன் வெட்டுக்கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு பாகூர் ரோட்டில் நடந்தான். வெட்டிய கரும்பைக் கட்டுக் கட்டுவதற்குப் பெண்களையும் கூப்பிட்டிருந்ததால் அல்போன்சாவும் கிளம்பினாள். வழக்கம் போல அவன் நாலடி முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

"இன்னாங்க..."

"ம்."

"எம்மேல இன்னும் கோவம் இருக்குதா?"

அவன் கத்தியைக் கை மாற்றிக்கொண்டு நடந்தான்.

"இருக்குது."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இருக்கும்." சொல்லிவிட்டு, ரோட்டோரமாக நின்று, அவள் தன் பக்கத்தில் வந்து சேரும் வரை காத்திருந்தான். "வா. வெயில் ஏறப்போவுது."